கம்மி காசுல நல்ல டின்னர்: மேப் பாக்கறதா, ஆளைக் கேக்கறதா, நடந்து தேடறதா?

சாயங்காலம் ஏழரை மணி. புது ஊர். நாலு பேர் ஒரு சிக்னல் ஓரமா நின்னுக்கிட்டு நாலு போனைப் பாத்துட்டு இருக்காங்க. ஒருத்தன் "இது நாலு புள்ளி ஆறுடா"ங்கறான், இன்னொருத்தி "அது ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு"ங்கறா, மூணாவது ஆளு என்னைக்கோ சேவ் பண்ணி வச்ச ரீல்ஸைத் தேடிக்கிட்டு இருக்கான், நாலாவது ஆளுக்குப் பசியில தலைவலியே வந்தாச்சு. எட்டே கால் வரைக்கும் இதே கூத்து. கடைசில எதிர்லயே, வாசல்ல ஆள் நிறுத்தி "வாங்க வாங்க"ன்னு கூப்பிடற ஹோட்டல்ல போய் உக்காந்து, சுமாரா சாப்பிட்டு, பில் வந்ததும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறது. அந்த நாலு பேர்ல நானும் ஒருத்தன், அதுவும் ஒரு தடவை இல்ல.

இந்த மாதிரி மாட்டினவங்க எல்லாரும் "எந்த ஆப் நல்லது?"ன்னுதான் கேக்கறாங்க. ஆப் ஒரு வழி, அவ்ளோதான். இன்னும் நாலஞ்சு வழி இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு சமயம் கைகொடுக்கும், ஒரு சமயம் கவுத்துடும். எது எப்பன்னு பாத்துடலாம்.

## எதை வச்சு ஒப்பிடறோம்

முழுச் செலவு. மெனு கார்டுல போட்டிருக்கற விலை இல்ல. ரூமை விட்டுக் கிளம்பினதுலேருந்து திரும்ப ரூமுக்கு வர வரைக்கும் பர்ஸை விட்டுப் போறது எல்லாம் சேத்து. டாக்ஸி, வரி, சர்வீஸ் சார்ஜ், டிப்ஸ், நாம கேக்காமலே மூடியைத் திருகித் திறந்து வச்சுட்டுப் போற தண்ணி பாட்டில். சில இடத்துல டேபிள்ல உக்காந்ததுக்கே ஆளுக்கு இவ்வளவுன்னு பில்லுல ஒரு வரி ஏறும். நாலு பேருக்கு இதெல்லாம் கூட்டிப் பாத்தா "சீப்"னு நெனச்ச இடம் பக்கத்துல இருந்த கொஞ்சம் காஸ்ட்லி இடத்தை விட ஜாஸ்தி ஆயிடும்.

சொதப்பற வாய்ப்பு. ஒரே ஒரு சாயங்காலம்தான் கையில இருக்குன்னா, "ரொம்ப பிரமாதமா இருக்குமா"ங்கறதை விட "மோசமா போகாம இருக்குமா"ங்கறதுதான் முக்கியம். ஒரு வாரம் தங்கறவருக்கு இது தலைகீழ், ஒரு நாள் சொதப்பினா அடுத்த நாள் சரிபண்ணிக்கலாம்.

நேரம். தேடற நேரம், போற நேரம், வரிசையில நிக்கற நேரம். பசி வந்தப்பறம் எடுக்கற எந்த முடிவும் மட்டமாத்தான் இருக்கும்.

கூட யாரு. தனியா போறவருக்கும், வயசான அம்மா அப்பாவோட போறவருக்கும், எட்டு பேர் கும்பலுக்கும் ஒரே பதில் கிடையாது.

உக்கார விடுவாங்களா. சாயங்காலச் சாப்பாடுன்னா வெறும் வயித்துக்கு மட்டும் இல்லியே, ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசணும். சில சீப்பான கடைங்க சீப்பா இருக்கறதே டேபிளை இருபது நிமிஷத்துல காலி பண்ண வைக்கறதாலதான்.

இது அஞ்சுக்கும் அடியில நான் ஒரு கேள்வி வச்சிருக்கேன்: இங்க இப்ப சாப்பிடறவன் நாளைக்கும் வரணும்னு இந்தக் கடைக்காரருக்குக் கவலை உண்டா? கம்மி விலைக் கடைக்கு ஒரு தட்டுல கெடைக்கற லாபம் கொஞ்சம்தான், அதனால வந்தவனே திரும்பத் திரும்ப வந்தாத்தான் வாடகை கட்ட முடியும். பெரிய ஸ்டேஷன் வாசல்லயோ சுற்றுலா இடத்து எதிர்லயோ இருக்கற கடைக்கு அந்தக் கவலையே இல்ல. இன்னைக்கு வந்தவன் ஜென்மத்துக்கும் திரும்ப வரப்போறதில்ல, நாளைக்கு வேற ஒருத்தன் ரயில்லேருந்து இறங்குவான். மெயினான இடம்ங்கறதால வாடகையும் உச்சத்துல இருக்கும், அதையும் நம்ம தட்டுலதான் ஏத்தணும். ருசி கம்மி, விலை ஜாஸ்தி, ரெண்டுக்கும் காரணம் ஒண்ணே. இனி சொல்லப்போற ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்விக்கு அது எவ்வளவு பதில் சொல்லுதுன்னு வச்சே எடைபோடறேன்.

## மேப்லயும் ஆப்லயும் ரேட்டிங் பாத்துப் போறது

எல்லாரும் முதல்ல கை வைக்கறது இதுலதான், தப்பில்ல. இப்ப திறந்திருக்கா, எவ்வளவு தூரம், மெனு போட்டோ, எந்த மணிக்குக் கூட்டம், எல்லாம் ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடும். தெரியாத ஊர்ல ராத்திரி ஒன்பதரைக்கு எந்தக் கடை திறந்திருக்குன்னு சொல்ல இதை விட்டா ஆளே இல்ல.

பிரச்சனை அந்த ஸ்டார் நம்பர்லதான். 1979ல நியூயார்க்ல ஜகாட்னு ஒரு தம்பதி, தெரிஞ்சவங்க கிட்ட எல்லாம் ஹோட்டல்களுக்கு மார்க் போடச் சொல்லி ஒரு லிஸ்ட் ஆரம்பிச்சாங்க, பின்னாடி அது பெரிய கைடாவே ஆச்சு. அதுல சாப்பாட்டுக்கு ஒரு மார்க், இடத்துக்கு ஒண்ணு, சர்வீஸுக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணும் 30க்கு. அதோட ஒரு ஆளுக்கு ஒரு டின்னர், ஒரு டிரிங்க், டிப்ஸ் எல்லாம் சேத்து சுமாரா எவ்வளவு ஆகும்னும் போட்டிருப்பாங்க. யோசிச்சுப் பாத்தா நமக்கு வேண்டியது அப்படியே அதுதான். இப்ப இருக்கற ஸ்டார் எல்லாத்தையும் போட்டுக் கலக்கி ஒரே நம்பரா குடுக்குது. பார்க்கிங் இல்லன்னு ஒரு ஸ்டார் போட்டவனும், பர்த்டேக்குக் கேக் வெட்டவிட்டாங்கன்னு அஞ்சு போட்டவனும் அதுக்குள்ள இருக்காங்க. ரொம்ப சந்தோஷப்பட்டவனும் ரொம்பக் கடுப்பானவனும்தான் உக்காந்து டைப் பண்றான், "பரவால்ல, நல்லாருந்துச்சு"ன்னு கெளம்பிப் போன முக்காவாசி பேர் அந்தக் கணக்குலயே வரமாட்டாங்க.

கடைக்காரங்களுக்கு அந்த நம்பர் மேல ஏன் இவ்வளவு வெறின்னா, காசு அதுலதான் இருக்கு. ஆண்டர்சன், மக்ரூடர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2012ல சான் ஃபிரான்சிஸ்கோ ஹோட்டல்களை வச்சு ஒண்ணு பாத்தாங்க. யெல்ப்னு ஒரு அமெரிக்க ரிவ்யூ சைட்ல அப்ப சராசரியை அரை ஸ்டாருக்கு ரவுண்ட் பண்ணிக் காட்டினாங்க, அதாவது 3.74 எடுத்த கடை மூணரையா தெரிஞ்சுது, 3.76 எடுத்தது நாலா தெரிஞ்சுது. ரெண்டுக்கும் சாப்பாட்டுல என்ன பெரிய வித்தியாசம் இருந்துடப்போகுது? ஆனா அரை ஸ்டார் ஜாஸ்தியா தெரிஞ்ச கடைங்கள்ல சாயங்கால டேபிள் காலியே இல்லாம நிரம்பிப்போறது 19 சதவீதப் புள்ளி கூடுதலா இருந்துச்சு. அப்ப நாம "நாலுக்கு மேல மட்டும்"னு ஃபில்டர் போடறப்ப, கோட்டுக்கு இந்தப் பக்கம் கூட்டமே இல்லாம நல்லா சமைக்கற ஒரு கடையை ஒரே விரல் தட்டுல தூக்கிக் கடாசறோம். எனக்கு இது பிடிபட்டப்பறம் நாலுக்குக் கொஞ்சம் கீழ இருக்கற, நூத்துக்கணக்குல ரிவ்யூ உள்ள பழைய கடைகளைத்தான் முதல்ல பாக்கறேன். டேபிளும் கெடைக்குது.

பொய் ரிவ்யூ சமாச்சாரம் தனி. 2017ல லண்டன்ல ஊபா பட்லர்னு ஒருத்தர் தன் வீட்டுத் தோட்டத்துல இருந்த கொட்டகையை ஹோட்டல்னு ட்ரிப்அட்வைசர்ல போட்டு, ஷேவிங் ஃபோமையும் இன்னும் எதை எதையோ வச்சு தட்டு தட்டா போட்டோ எடுத்து, பொய் ரிவ்யூ எழுத வச்சு, அந்த ஊர்லயே நம்பர் ஒன் ரெஸ்டாரண்டா கொண்டுவந்துட்டார். அதுவரைக்கும் அங்க ஒரு வாய் சோறு கூட யாரும் சாப்பிட்டதில்ல. எல்லாக் கடையும் அப்படியில்லன்னாலும் சின்ன அளவுல நடக்கறதை நானே பாத்திருக்கேன். ஒரு இடத்துல பில் வைக்கற தட்டுல ஒரு குட்டி அட்டை, அதுல ஸ்கேன் பண்ற கட்டம், கீழ "அஞ்சு ஸ்டார் போட்டு எங்க சர்வர் பேரைக் குறிப்பிட்டால் டெசர்ட் இலவசம்"னு இருந்துச்சு. ரூமுக்கு வந்து அந்தக் கடையோட ரிவ்யூவைத் திரும்பப் பாத்தா, வரிசையா முப்பது நாப்பது பேர், எல்லாரும் ஒரே சர்வரைப் புகழறாங்க, சாப்பிட்டது என்னன்னு ஒருத்தர் கூடச் சொல்லல!

அதனால ஸ்டாரைப் பாக்காம இதைப் பாருங்க:

- ரிவ்யூவைப் புதுசுலேருந்து வரிசைப்படுத்துங்க. ஓனர் மாறியிருந்தாலோ சமையல்காரர் போயிருந்தாலோ கடைசி மூணு மாசத்துலதான் தெரியும்.
- மூணு ஸ்டார் ரிவ்யூவைப் படிங்க. கோவமும் இல்லாம ஆஹா ஓஹோவும் இல்லாம, உள்ளது உள்ளபடி எழுதறவங்க அவங்கதான்.
- "வழக்கமா வருவோம்", "ஆபீஸ் முடிஞ்சு", "போன தடவை வந்தப்ப" இந்த மாதிரி வார்த்தை இருக்கான்னு தேடுங்க. நாளைக்கும் வருவானாங்கற கேள்விக்கு மேப்ல கெடைக்கற ஒரே நேரடி பதில் இதுதான்.
- போட்டோல பில் இருக்கான்னு பாருங்க. யாராவது ஒரு புண்ணியவான் கோவத்துல பில்லையே போட்டோ எடுத்துப் போட்டிருப்பார், சர்வீஸ் சார்ஜ் முதற்கொண்டு எல்லாம் தெரிஞ்சுடும்.

இதுல மறைஞ்சிருக்கற செலவு நேரமும் போக்குவரத்தும். மேப் ஊர் பூரா இருக்கற கடையைக் காட்டறதால மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கறதுக்கு ஆசைப்பட்டுப் போவோம், போக வர டாக்ஸிக்குக் குடுத்த காசுல இன்னொருத்தர் சாப்பிட்டிருக்கலாம்.

## ஆளைக் கேக்கறது

சரியான ஆளைச் சரியா கேட்டா இதை அடிச்சுக்க ஒண்ணும் இல்ல. ஆனா நிறைய பேர் தப்பான ஆளைத் தப்பா கேப்பாங்க.

தங்கற இடத்து ரிசப்ஷன்ல கேட்டா ஒரு கார்டை நீட்டுவாங்க, "இதைக் காட்டுங்க, பத்து பர்சன்ட் தள்ளுபடி". அந்தப் பத்து பர்சன்ட் எங்கேருந்து வருதுன்னு யோசிங்க, சில சமயம் கார்டு குடுத்தவருக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு ஊர்ல நான் அந்தக் கார்டை எடுத்துட்டுப் போயி நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். மறுநாள் காலைல ரூம் க்ளீன் பண்ண வந்த அம்மாகிட்ட "நேத்து ராத்திரி நீங்க எங்க சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டேன். முதல்ல சிரிச்சாங்க, "அதெல்லாம் உங்களுக்குச் சரிவராது"ன்னாங்க. விடாம கேட்டதும் ரெண்டு தெரு தள்ளி ஒரு இடம் சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரியும் அடுத்த ராத்திரியும் அங்கதான்.

அந்த "உங்களுக்குச் சரிவராது"ல விஷயம் இருக்கு. "எந்த ஹோட்டல் நல்லா இருக்கும்?"னு கேட்டா, வெளியூர்க்காரருக்குச் சொல்லக் கூடிய பதிலா, கொஞ்சம் கௌரவமான, கொஞ்சம் விலை ஜாஸ்தியான இடமா பாத்துத்தான் சொல்லுவாங்க. மரியாதைக்குச் சொல்றது, பொய்யெல்லாம் இல்ல. "நீங்க கடைசியா வெளிய சாப்பிட்டது எங்க?"ன்னு கேட்டா அவங்க காசு குடுத்துத் திரும்பத் திரும்பப் போற இடம் வெளிய வரும். பட்ஜெட்டையும் கூச்சப்படாம சொல்லிடுங்க. "சீப்பா"ன்னா ஆளுக்கு ஆள் ஒரு அர்த்தம், நம்பரா சொல்லிட்டா குழப்பம் இல்ல.

யாரைக் கேக்கலாம்னா, அந்த ஏரியாலயே வேலை பாத்து அந்த ஏரியாலயே சாப்பிடறவங்களை. மருந்துக்கடைல நிக்கறவங்க, புத்தகக்கடைக்காரர், ராத்திரி ஷிஃப்ட் செக்யூரிட்டி. டாக்ஸி ஓட்டறவங்க பாதி பாதி, சிலர் தங்கம், சிலர் கமிஷன் கடை வாசல்ல கொண்டுபோய் இறக்கிடுவாங்க, அதனால அவங்ககிட்ட கேட்டா வண்டியை விட்டு இறங்கறப்ப கேளுங்க. இறங்கினப்பறம் அவருக்கு நம்மளைக் கொண்டுபோய் விட ஒரு காரணமும் இல்லாததால உண்மை தானா வரும்.

இதோட குறை: மொழி தெரியலன்னா கஷ்டம், கூச்ச சுபாவக்காரங்களுக்கு இன்னும் கஷ்டம். அவங்க சொல்ற இடத்துல உக்கார வசதி இருக்காது, மெனுவே இருக்காது, எட்டு மணிக்கே எல்லாம் தீந்துபோயிருக்கும். சின்னக் குழந்தையோட போறவங்க ஒரு வார்த்தை கூடவே கேட்டுக்கங்க, "உக்காந்து சாப்பிடலாமா, பாத்ரூம் இருக்குமா?"

## சும்மா நடந்து போயி கண்ணால பாத்து முடிவு பண்றது

எனக்குப் பிடிச்ச வழி, அதனால கொஞ்சம் சார்பாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கங்க.

மெயின் ரோட்டை விட்டு ஒரு தடவை திரும்புங்க, அந்தத் தெருலேருந்து இன்னொரு தடவை திரும்புங்க. ரெண்டு திருப்பத்துல வாடகை இறங்கும், கடை வாசல்ல நின்னு கூப்பிடற ஆளும் காணாம போயிடுவார். அங்க இருக்கற கடை அந்தத் தெருக்காரங்களை நம்பித்தான் இருக்கு. இனி கண்ணுக்கு வேலை.

எல்லாரும் "கூட்டம் இருக்கற கடைக்குப் போ"ம்பாங்க. இது பாதிதான் சரி. அபிஜித் பானர்ஜின்னு ஒரு பொருளாதார அறிஞர், 2019ல நோபல் வாங்கினவர் (அது வறுமை சம்பந்தமான வேலைக்கு), 1992ல மந்தை மாதிரி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் போறதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். அதுல உதாரணமே பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஹோட்டல்தான். நூறு பேர் வராங்க, 99 பேருக்கு உள்ளூர ரெண்டாவது கடைதான் நல்லதுன்னு தகவல், ஒரே ஒருத்தருக்கு மட்டும் முதல் கடைன்னு தகவல். அந்த ஒருத்தர் முதல்ல வந்து முதல் கடைக்குள்ள போயிட்டார்னா, அடுத்து வரவர் "இவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு"ன்னு பின்னாடி போவார், அவரைப் பாத்து மூணாவது ஆள். கடைசில மொத்தக் கூட்டமும் சுமாரான கடைல, நல்ல கடை ஈ ஓட்டிக்கிட்டு இருக்கும். சுற்றுலா ஏரியால வர கூட்டம் முக்காவாசி இந்த ரகம்.

அதனால எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணாம, எந்த மாதிரி ஆளுங்கன்னு பாருங்க. தனியா உக்காந்து போனைப் பாத்துக்கிட்டே சாப்பிடறவர் இருந்தா அவர் வழக்கமா வரவர். மெனு கார்டைக் கையிலயே எடுக்காம ஆர்டர் சொல்றவங்க இருக்காங்களா? கல்லால இருக்கறவர் வரவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடறாரா? இது மூணுல ரெண்டு இருந்தா யோசிக்காம உள்ள போகலாம்.

இன்னொண்ணு, கொஞ்சம் அநாகரிகமா தோணும், இருந்தாலும் சொல்லிடறேன்: எடுத்துட்டுப் போற எச்சித் தட்டைப் பாருங்க. வாசல் ஓரமா ரெண்டு நிமிஷம் நின்னா அஞ்சாறு தட்டு உங்களைத் தாண்டிப் போகும். ஒரு தடவை ஜெகஜோதியா விளக்குப் போட்டிருந்த ஒரு கடை வாசல்ல மெனு படிக்கற மாதிரி நின்னுட்டு இருந்தேன். க்ளீன் பண்ற பையன் அடுக்கிட்டுப் போன நாலு தட்டுலயும் பாதி பாதி அப்படியே இருந்துச்சு, ஒரு தட்டுல மேல பேப்பர் நாப்கினைப் போட்டு மூடி வச்சிருந்தாங்க, பாக்கறவங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு. சத்தமில்லாம நடையைக் கட்டினேன். அதே தெருக் கோடில ஒரு கடைல தட்டெல்லாம் துடைச்ச மாதிரி போயிட்டு இருந்துச்சு, அங்க உக்காந்தேன், ஏமாறல.

மெனுவும் நிறையச் சொல்லும். ஒரு சின்ன கிச்சன், ஆனா மெனுல நூத்தம்பது ஐட்டம்னா எல்லாத்தையும் அன்னன்னைக்கு ஃப்ரெஷ்ஷா பண்ண முடியாது, பாதி ஃப்ரீசர்லேருந்துதான் வரும். லேமினேட் பண்ணி, வெயில்ல வெளிறிப்போன போட்டோவோட, அஞ்சாறு மொழில அடிச்ச மெனு வாசல்ல நின்னா அது யாருக்காக அடிச்சதுன்னு நமக்கே தெரியும். பலகைல கைப்பட எழுதி, ஒண்ணு ரெண்டு ஐட்டத்தை "தீந்துபோச்சு"ன்னு அடிச்சு வச்சிருந்தா அது நல்ல சகுனம். விலை போடாம "இன்றைய ஸ்பெஷல்"னு சொன்னா மட்டும் எவ்வளவுன்னு கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க, பட்ஜெட் உடையறது பெரும்பாலும் அந்த ஒரு ஐட்டத்துலதான்.

நடக்க முடியாதவங்க கூட இருந்தா, மழை வந்தா, ராத்திரி லேட்டானா, எட்டு பேருக்கு ஒண்ணா டேபிள் வேணும்னா, இந்த வழி ஒத்துவராது. பொண்ணுங்க தனியா தெரியாத தெருல ராத்திரி நடந்து தேடறது எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி இல்ல, அவங்க வெளிச்சம் இருக்கறப்பவே ஒரு ரவுண்டு போயி கடையைக் குறிச்சு வச்சுக்கறது நல்லது.

## அவார்டு லிஸ்ட், ரீல்ஸ்

மிஷ்லின்னாலே காஸ்ட்லின்னு நெனக்கறவங்க ஜாஸ்தி. 1900ல டயர் கம்பெனி ஒண்ணு கார் ஓட்டறவங்களுக்காக அடிச்சுக் குடுத்த கைடு அது, 1926லேருந்து ஸ்டார் குடுக்கறாங்க. ஆனா 1997லேருந்து "பிப் கூர்மான்"னு தனியா ஒரு லிஸ்டும் இருக்கு, அது நியாயமான விலைல நல்ல சாப்பாடு போடற இடங்களுக்குன்னே குடுக்கறது. உங்க ஊர் அவங்க கைடுல இருந்தா இந்த லிஸ்டை ஆன்லைன்ல ஓசியிலயே பாக்கலாம். சாப்பிட்டுப் பாக்கறவங்க யாருன்னு சொல்லாம போயி, பில்லையும் கட்டிட்டு வராங்க, அதனால நம்பகம் ஜாஸ்தி. குறை என்னன்னா லிஸ்ட்ல பேர் வந்த மறுவாரமே வரிசை தெரு வரைக்கும் வந்துடும், நியாயமான விலைங்கறதும் அந்தந்த ஊர் கணக்குக்குத்தான், நம்ம பர்ஸ் கணக்குக்கு இல்ல.

ரீல்ஸ் பத்திப் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. வீடியோ எடுக்கறவர் பில் கட்டினாரான்னு நமக்குத் தெரியாது, கடைக்காரர் அவருக்கு ஸ்பெஷலா பண்ணிக் குடுத்தது நமக்கும் வருமான்னும் தெரியாது. இழுத்தா நூல் மாதிரி நீளுது, மேலேருந்து ஊத்தறாங்க, புகை வருது, இதெல்லாம் கேமராவுக்கு ருசி. இந்தத் தெரு, இந்த ஏரியான்னு தெரிஞ்சுக்க மட்டும் யூஸ் பண்ணுங்க, கடையை அங்க போயி முடிவு பண்ணிக்கலாம்.

## ஃபுட் கோர்ட், நைட் மார்க்கெட்

கும்பலா போறவங்களுக்கு இதைவிட நிம்மதியான வழி கெடையாது. ஒருத்தர் சைவம், ஒருத்தருக்குக் காரம் ஆகாது, ஒருத்தருக்குப் பசியே இல்ல, ஒரு குழந்தை எதையும் தொடாது. ஆளாளுக்கு வேணுங்கறதை வாங்கிட்டு வந்து ஒரே டேபிள்ல உக்காரலாம், பில்லைப் பிரிக்கற பஞ்சாயத்தும் இல்ல. சர்வீஸ் சார்ஜ் பெரும்பாலும் இருக்காது. ஒரு ஐட்டம் நல்லா இல்லன்னாலும் நஷ்டம் ஒரு தட்டோட போச்சு.

ஆனா எட்டு கடைல கொஞ்சம் கொஞ்சமா வாங்கினதைக் கூட்டிப் பாத்தா ஒழுங்கா ஒரு ஹோட்டல்ல உக்காந்து சாப்பிட்டதை விட ஜாஸ்தி ஆயிருக்கும். இது எனக்கு ஒவ்வொரு தடவையும் நடக்குது, ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்படறேன். மால் உள்ள இருக்கறதுல மால் வாடகை விலைல ஏறியிருக்கும். சத்தம், இடம் பிடிக்க ஒருத்தர் காவல் இருக்கணும், ரெண்டு மணி நேரம் பேசறதுக்கு ஏத்த இடமும் இல்ல.

## இன்னும் ரெண்டு வழி, சுருக்கமா

மதியமே பெரிய சாப்பாட்டை முடிச்சுடறது. நிறைய ஊர்ல அதே கடை, அதே கிச்சன், மதியம் செட் மீல்னு ராத்திரியை விட நல்லா கம்மி விலைக்குப் போடுவாங்க. ஆசைப்பட்ட கொஞ்சம் பெரிய இடத்துக்கு மதியம் போயிட்டு, ராத்திரிக்கு லேசா ஏதாவது சாப்பிட்டு நடந்துட்டு வரலாம். சில கடைங்க ஆறு ஆறரைக்குள்ள வந்தா தனி மெனு வச்சிருப்பாங்க, அதுவும் இதே கணக்குதான். பகல் பூரா வேலையில மாட்டினவங்களுக்கு இது ஆகாது.

டெலிவரி ஆர்டர் பண்ணி ரூம்லயே சாப்பிடறது. பல இடத்துல ஆப் கம்பெனி கடைக்காரர்கிட்ட 15லேருந்து 30 சதவீதம் வரைக்கும் கமிஷன் எடுக்குது, அதை ஈடுகட்ட ஆப்ல விலையைக் கூட்டி வைக்கற கடைங்க நிறைய. மேல டெலிவரி, பேக்கிங், பிளாட்ஃபார்ம் கட்டணம். கூப்பன் இருக்கறப்ப சீப்பா தெரியும். உடம்பு முடியலன்னா, கொட்டற மழைன்னா சரி, மத்தபடி ஊரைப் பாக்க வந்துட்டு ரூம்ல பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து சாப்பிடறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

## ஒரே பார்வைல

| வழி | முழுச் செலவு | சொதப்பற வாய்ப்பு | நேரம் | யாருக்கு, எப்ப |
|---|---|---|---|---|
| மேப் ரேட்டிங் | நடுத்தரம், டாக்ஸி சேந்தா ஏறும் | நடுத்தரம் | தேட ஆரம்பிச்சா முடியாது | லேட் நைட், மொழி தெரியாத ஊர், பெரிய கும்பல் |
| ஆளைக் கேக்கறது | ரொம்பக் கம்மி | கம்மி, சரியான ஆளைக் கேட்டா | அஞ்சு நிமிஷம் | தனியா, ரெண்டு பேரா. கூச்சம் இல்லாதவங்க |
| நடந்து தேடறது | கம்மி | பழகப் பழகக் குறையும் | அரை மணி, முக்கா மணி | நேரமும் காலும் இருக்கறவங்க |
| அவார்டு லிஸ்ட் | நடுத்தரம் | ரொம்பக் கம்மி | வரிசையில போகும் | ஒரே ஒரு சாயங்காலம், முன்கூட்டியே பிளான் |
| ரீல்ஸ் | சொல்ல முடியாது | ஜாஸ்தி | வரிசை, கூட்டம் | ஏரியா தெரிஞ்சுக்க மட்டும் |
| ஃபுட் கோர்ட் | தெரியாம ஏறும் | கம்மி | உடனே | குழந்தைங்க, கலவையான கும்பல் |
| மதியம் பெருசா | கம்மி | கம்மி | பகல்ல நேரம் வேணும் | நல்ல இடம் பாக்க ஆசை, பட்ஜெட் இடிக்குது |
| டெலிவரி | ஜாஸ்தி | நடுத்தரம் | முக்கா மணி | மழை, உடம்பு முடியாதப்ப |

## அப்ப எதை எடுக்கறது

ஒரு வாரம் தங்கறீங்கன்னா ஆப்பை மூடி வச்சுட்டு முதல் நாளே ரெண்டு பேரைக் கேளுங்க, சாயங்காலம் நடங்க. ரெண்டாவது நாளுக்குள்ள உங்களுக்குன்னு ஒரு கடை அமைஞ்சுடும், மூணாவது நாள் போறப்ப கல்லாக்காரர் தலையாட்டுவார்.

ஒரே ஒரு ராத்திரி, அதுவும் கூட ஒருத்தரை அசத்தணும்னா, அவார்டு லிஸ்ட்ல ஒண்ணை முன்னாடியே புக் பண்ணுங்க, இல்ல மதியத்துக்கு மாத்திக்கங்க. இங்க ரிஸ்க் எடுக்கறதுல அர்த்தம் இல்ல.

அம்மா அப்பாவோடன்னா தூரம்தான் முதல் கணக்கு. தங்கற இடத்துலேருந்து அஞ்சு நிமிஷ நடைக்குள்ள நாலு புள்ளி எதுவோ எடுத்த சாதாரண கடை, முக்கா மணி டாக்ஸில போற அபார கடையை விட எவ்வளவோ மேல். ஆறு பேருக்கு மேலன்னா போன் பண்ணிடுங்க, "எட்டு பேர் வரோம், டேபிள் இருக்குமா, கும்பலுக்குன்னு சர்வீஸ் சார்ஜ் தனியா போடுவீங்களா?" ரெண்டாவது கேள்வியை யாரும் கேக்கறதில்ல, பல இடத்துல போடறாங்க.

நான் இப்ப பண்றது ஒரு கலவை. நாலு மணி வாக்குல, பசி வரதுக்கு முன்னாடியே, மேப்ல தங்கற இடத்துலேருந்து நடக்கற தூரத்துல மூணு கடையைக் குறிச்சுக்குவேன், மூணும் ஒரே திசைல, முடிஞ்சா அடுத்தடுத்த தெருல. வழியில யாராவது ஒருத்தரைக் கேப்பேன். அவர் சொன்ன கடை அந்த மூணுல ஒண்ணா இருந்தா முடிஞ்சுது கதை. இல்லன்னா மூணு வாசல்லயும் ரெண்டு ரெண்டு நிமிஷம் நின்னு தட்டைப் பாத்துட்டு உள்ள போவேன். எல்லாம் சேந்து இருபது நிமிஷம்தான் ஆகுது.

ஒண்ணு மட்டும் கவனம். மேப்ல பத்து மணிக்கு மூடும்னு போட்டிருந்தா அது ஷட்டர் இறக்கற நேரம், கிச்சன்ல அடுப்பை அரை மணி ஒரு மணி முன்னாடியே அணைச்சுடுவாங்க. ஒம்பதே முக்காலுக்குப் போயி நின்னு, நாற்காலியைக் கவுத்து மேஜை மேல ஏத்திட்டு இருந்த பையன்கிட்ட "ஏதாவது இருக்கா தம்பி?"ன்னு கேட்ட அனுபவம் எனக்கு உண்டு. அவன் உள்ள போயி பாத்துட்டு வந்து, அவங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்ததுல பாதியைக் கொண்டுவந்து வச்சான். பில்லும் போடல.